மக்காச்சோளம் வித்தாச்சு, விதைப்பைக்கு அலையறோம்: தலைவாசல், ஆத்தூர் பக்கம் நிலவரம் என்னங்க?

தலைவாசல்காரன் | ஏப்ரல் 22, 2025, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நமக்கு நாலு ஏக்கர். ரெண்டு கிணத்துப் பாசனம், ரெண்டு மேட்டாங்காடு. போன புரட்டாசியில நாலுலயும் மக்காச்சோளம் போட்டு தை கடைசியில கருது அடிச்சோம். நூறு மூட்டைக்கு முன்னப்பின்ன. ஏவாரி களத்துக்கே வந்து குவிண்டால் 2,300ன்னு எடுத்துக்கிட்டாரு. விலை பரவால்லைன்னுதான் நெனச்சேன். காசை எண்ணும்போதுதான் எங்கியோ ஓட்டைன்னு பட்டுது. அதை அப்புறம் சொல்றேன்.

இப்ப சித்திரை மழையில ரெண்டு உழவு ஓட்டியாச்சு. கிணத்துக்காட்டுல வைகாசியிலயே போட்டுடலாம்னு மருந்துக்கடைக்குப் போனா, ஊரே கேக்கற அந்த ஒரு ரகம் இல்லையாம். அப்புறம் கடைக்காரரே பக்கத்துல வந்து, "உங்களுக்குன்னா எடுத்துத் தரேன், கூட இந்த நுண்ணூட்டம் ஒரு பெட்டி எடுத்துக்கங்க"ன்னாரு. பெட்டி விலை விதை விலைக்கு முக்கால்வாசி. போய்யான்னுட்டு வேற ஊர்ல ரெண்டு கம்பெனி விதை, நாலு கிலோ பை ரெண்டு ரெண்டு வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சிருக்கேன்.

விலை அறுப்பு வரைக்கும் நிக்குமா? தட்டுப்பாடுன்னு சொல்றாங்களே, அது நெசமா, இல்ல பெட்டி தள்ளறதுக்கா?

கோழிப்பண்ணை_ராசிபுரம் | ஏப்ரல் 22, இரவு 10:02

அண்ணா, நான் உங்க எதிர்க்கட்சி. மக்காச்சோளம் வாங்கறவன்.

முட்டைக்கோழி ஒண்ணு ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும். அதுல பாதிக்குப் பாதி மக்காச்சோளம். பத்தாயிரம் கோழி வச்சிருக்கற சின்னப் பண்ணைக்கே நாளைக்கு அஞ்சு, ஆறு மூட்டை வேணும். அதனால உங்க விலை உங்க களத்துல முடிவாகறது இல்லைங்க, நாமக்கல் தீவனத் தொட்டியில முடிவாகுது. அப்படித்தான் ரொம்ப நாளா இருந்துச்சு. இப்ப ரெண்டு வருஷமா எங்களுக்கும் மேல ஒருத்தன் வந்து உக்காந்துட்டான்.

2023 டிசம்பர்ல கரும்புச் சாறுல, பெட்ரோல்ல கலக்கற எத்தனால் எடுக்கறதைக் குறைச்சாங்க பாருங்க, அப்ப எல்லா ஆலையும் மக்காச்சோளம் பக்கம் திரும்பிடுச்சு. 2024 ஜனவரியில இருந்து மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபா 86 பைசா. ஒரு டன்னுல 380 லிட்டர் பக்கம் எடுப்பாங்கன்னா குவிண்டாலுக்கு 2,700க்கு மேல வரவு, மிச்சம் விழற சக்கையைத் தீவனத்துக்கு விக்கறது தனி. ஏற்றுமதி பண்ணிட்டிருந்த நாடு 2024ல இறக்குமதி பண்ண ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்கு 2,300 கெடச்சதுக்கு அதான் காரணம்.

இப்ப கெட்ட சேதி. இந்த ஜனவரியில இந்திய உணவுக் கழகத்து அரிசியை எத்தனால் ஆலைக்கு குவிண்டால் 2,800ல இருந்து 2,250க்கு இறக்கிட்டாங்க. ஆலைக்காரனுக்கு அரிசி 2,250ன்னா மக்காச்சோளத்துக்கு ரொம்ப மேல போக மாட்டான். ஏப்ரல், மே மாசம் பீகார் மக்காச்சோளம் வேற ரயில்ல வந்து இறங்கும். அறுப்பு விலை ஏறும்னு எவனாவது சத்தியம் பண்ணா நம்பாதீங்க. விழும்னும் நான் சத்தியம் பண்ணலை.

மேட்டாங்காடு | ஏப்ரல் 23, காலை 6:40

கோழிக்காரர் வாயில இருந்து உண்மை வந்தாச்சு, இன்னைக்கு மழை நிச்சயம்.

லீபஜார்_மண்டி | ஏப்ரல் 23, காலை 11:25

தலைவாசல்காரரே, அந்த ஓட்டை எங்கன்னு நான் சொல்லட்டுமா? ஈரம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில மண்டிக்காரன். லீ பஜார்ல எங்க அப்பா காலத்துல இருந்து சோளம், ராகி, பயறு, மக்காச்சோளம்னு பாத்துக்கிட்டு இருக்கோம். எங்க கணக்கு 14 சதவீத ஈரத்துக்கு. அதுக்கு மேல இருந்தா கழிப்போம், அது நியாயம்தான். எவ்வளவு கழிக்கிறதுங்கறதுல தான் விளையாட்டு.

20 ஈரத்துல நூறு கிலோ மூட்டைன்னா அதுல காஞ்ச சரக்கு 80 கிலோ. அதே 80 கிலோ 14 ஈரத்துல நின்னா எடை எவ்வளவு? 80ஐ 86ஆல வகுத்து நூறால பெருக்குங்க. 93 வரும். ஆக 20 ஈரத்துக்கு மூட்டைக்கு ஏழு கிலோ கழிச்சா சரி. காய வைக்கிற கூலின்னு அரைக் கிலோ கூட வச்சுக்கலாம். பத்து கிலோ கழிச்சா அது ஏவாரம் இல்ல.

உங்களுக்கு எவ்வளவு ஈரம் காட்டுச்சு, எவ்வளவு கழிச்சாங்க?

தலைவாசல்காரன் | ஏப்ரல் 23, இரவு 8:50

19 காட்டுச்சுங்க. மூட்டைக்கு ஒம்போது கிலோ கழிச்சாரு.

உங்க கணக்குப்படி இப்பதான் பொண்ணோட கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். 81ஐ 86ஆல வகுத்தா 94.2. கழிவு 5.8 தான் வரணும். மூட்டைக்கு 3 கிலோ 200 கிராம் கூடப் போயிருக்கு. நூறு மூட்டைக்கு 320 கிலோ. கிலோ 23 ரூபான்னா 7,360.

எங்க வீட்டுக்காரம்மா அன்னைக்கே, "மிசினை நம்ம பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்க"ன்னுச்சு. நான் தான் பெரிய மனுசன் மாதிரி நின்னேன்.

லீபஜார்_மண்டி | ஏப்ரல் 23, இரவு 9:31

அம்மா சொன்னது தான் சரி. அந்த மீட்டரையும் சும்மா நம்பக் கூடாது. மூட்டை மேல கை விட்டு எடுத்த தானியம் ஒரு ஈரம் காட்டும், நடுவுல குத்தூசி போட்டு எடுத்தா வேற காட்டும். காலையில பனியில எடுத்தது கூடக் காட்டும். நாலஞ்சு மூட்டையில எடுத்துக் கலந்து, மத்தியானம் வையுங்க. ஊருக்கு நாலு பேர் சேந்து ஒரு மீட்டர் வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னா எங்க ஆளுங்களே தன்னால ஒழுங்காயிடுவாங்க. இதை எழுதறேன்னு என் பக்கத்துக் கடைக்காரங்க என்னை ஏசப் போறாங்க, பரவால்ல.

இன்னொண்ணு, நல்லா காய வச்சா காசு மட்டும் இல்ல. ஈரத்தோட கட்டிப் போட்டா பூஞ்சை பிடிக்கும், மணி கறுக்கும். அதைக் கோழிக்குப் போட்டா ஈரல் போயிடும்னு தீவன ஆலை லாரியையே திருப்பி அனுப்பிடும். அந்த நஷ்டம் கடைசியில உங்க தலையில தான் வந்து விடியும்.

பழைய_ஏஓ | ஏப்ரல் 24, காலை 7:05

நண்பர்களே, வேளாண்மை அலுவலர் (ஏஓ) பணியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று. இருந்தும் விதை என்றால் வாய் சும்மா இருப்பதில்லை.

முதலில் விற்பனை பற்றி ஒரு சொல். அறுவடை நேரத்தில் களத்திலேயே விற்றாக வேண்டிய நெருக்கடி பலருக்கு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம், தவணை 180 நாள். பீகார் வரத்து ஓயும் வரை காத்திருக்க அது உதவும். நான் பணியில் இருந்தபோது இதைப் பயன்படுத்தியவர்களில் விவசாயிகளைவிட வியாபாரிகளே அதிகம் என்பது என் மனக்குறை.

இனி தட்டுப்பாடு. வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பெரும்பாலும் ஆந்திரா, தெலங்கானாவில் ரபி (குளிர்காலப்) பருவத்தில் உற்பத்தியாகிறது. பெண் வரிசையில் ஆண் பூங்கதிரை நாள்தோறும் பிடுங்கி எடுக்கும் வேலை அது, கூலியாட்கள் அதிகம் தேவை. மார்ச், ஏப்ரலில் அறுவடை, பிறகு உலர்த்தல், தரம் பிரித்தல், விதை நேர்த்தி, பரிசோதனை எல்லாம் முடிந்து நம் ஊர்க் கடைக்கு வர மே கடைசி, ஜூன் ஆகும். ஆக ஏப்ரலில் கடையில் இருப்பது பெரும்பாலும் போன பருவத்து மீதி. எனவே நீங்கள் காண்பது பெயர்த் தட்டுப்பாடு. ஊர் முழுக்க ஒரே பெயரைக் கேட்டால் அது இல்லாமல்தான் போகும்.

தலைவாசல் நண்பரே, நீங்கள் வாங்கிய பைகளில் பரிசோதனை செய்த தேதி என்னவென்று பாருங்கள். பரிசோதனை நாளில் இருந்து ஒன்பது மாதம்தான் பையில் உள்ள விவர அட்டைக்கு ஆயுள். பிறகு மறுபரிசோதனை செய்து நீட்டித்திருக்க வேண்டும்.

பெட்டியோடு சேர்த்துத்தான் விதை தருவேன் என்பது முறைகேடு. 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும், ரசீது தர வேண்டும். தராவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ விதை ஆய்வாளரிடமோ எழுத்தில் கொடுங்கள்.

மேட்டாங்காடு | ஏப்ரல் 24, காலை 7:48

ஐயா, பலகையில எழுதித் தான் வச்சிருக்காங்க. 2022ஆம் வருஷத்து இருப்பு.

தலைவாசல்காரன் | ஏப்ரல் 24, இரவு 9:10

ஐயா, பாத்தேன். ஒரு கம்பெனி பையில பரிசோதனை தேதி பிப்ரவரி 2025. இன்னொண்ணுல ஜூன் 2024. அதுக்கு மேல ஒரு ஸ்டிக்கரும் ஒட்டலை. ரெண்டுலயும் அட்டை வெளிர் பச்சை. நீல அட்டை தானே நல்லதும்பாங்க?

பழைய_ஏஓ | ஏப்ரல் 25, காலை 6:30

வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். இவற்றில் ஆதார விதையும் சான்று விதையும் விதைச்சான்றுத் துறையின் சான்று பெற்றவை. வெளிர் பச்சை என்பது உண்மைநிலை விதை. "இதன் தரத்துக்கு நானே பொறுப்பு" என்று கம்பெனி சொல்லும் சொல் அது. தனியார் ஒட்டு விதைகள் பெரும்பாலும் அந்த அட்டையில்தான் வரும், சட்டப்படி தவறில்லை. ஆனால் அதுவும் 1966 விதைச் சட்டத்தின் முளைப்புத் தரத்துக்குக் கீழே போகக்கூடாது. ஒட்டு மக்காச்சோளத்துக்கு 90 சதவீதம். சோளம், ராகி, சாமைக்கு 75. நிலக்கடலைக்கு 70.

ஜூன் 2024 பையை விதைக்காதீர்கள். அதை நீங்களே சோதிக்கலாம். சாக்கை நனைத்துப் பிழிந்து, நூறு விதையை எண்ணி, பத்துப் பத்தாக வரிசை வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஏழாம் நாள் பிரித்து, நேரான வேரும் குருத்தும் உள்ளதை மட்டும் எண்ணுங்கள். மூக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நின்று போனதை எண்ணக்கூடாது. பொறுக்கி எடுக்காமல் கைக்கு வந்த நூறை வைக்க வேண்டும், அதில்தான் நம் மக்கள் தப்புச் செய்வார்கள். விதை நேர்த்தி செய்த விதை, கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

முறையான அத்தாட்சி வேண்டுமென்றால் சேலத்தில் விதைப் பரிசோதனை நிலையம் இருக்கிறது, விவசாயியே மாதிரி கொடுக்கலாம்.

மேட்டாங்காடு | ஏப்ரல் 25, இரவு 8:15

விதைக்கு இவ்வளவு அல்லாடறதுக்கு வித்த மக்காச்சோளத்துலயே நல்ல கருதாப் பாத்து எடுத்து வச்சுக்கலாமேன்னு எனக்கும் ஒரு யோசனை வந்துச்சு, மூணு வருஷம் முந்தி. கேளுங்க கதையை. நல்லா முழங்கை நீளக் கருதா எடுத்து, அடுப்பு மேல தொங்க விட்டு, சாம்பல் புரட்டி, எல்லாம் பண்ணி ஒரு ஏக்கர் போட்டேன். முளைப்பு அருமை. முப்பது நாள் வரைக்கும் என் கால் தரையில படலை. அப்புறம் பாத்தா ஒண்ணு ஆள் உசரம், பக்கத்துல இடுப்பு உசரம், இன்னொண்ணு வெடலை. கல்யாண போட்டோவுல சொந்தக்காரங்க நிக்கற மாதிரி நிக்குது. பூவும் ஒண்ணா வரலை. கருதுல பல்லு விழுந்த மாதிரி மணி. பாதி கூடத் தேறலை. மாட்டுக்குத் தட்டு ஆச்சுங்கறது தான் லாபம்.

எங்க அய்யன், "அது வாடகைக்கு வந்த விதைடா, குடியிருக்காது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு.

பழைய_ஏஓ | ஏப்ரல் 26, காலை 6:10

உங்கள் தந்தை சொன்னதைத்தான் நாங்கள் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்துச் சொல்வோம். ஒட்டு ரகம் இரண்டு வேறு பெற்றோரின் சேர்க்கை. அடுத்த தலைமுறையில் பெற்றோர் குணம் பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடும். சோளம், ராகி, சாமை, பயறு ஆகியவற்றில் ஒட்டு அல்லாத ரகம் என்றால் விதை எடுத்து வைக்கலாம். சோளத்தில் கே 12, கோ 32, ராகியில் கோ 15, சாமையில் ஏ.டி.எல் 1 போன்றவை அப்படிப்பட்டவை. ஒருமுறை வேளாண் துறை டிப்போவில் சான்று விதை வாங்கினால் மூன்று நான்கு பருவம் ஓட்டலாம். இருப்பை அரசின் உழவன் செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள், சில நேரம் செயலியில் இருக்கும், டிப்போவில் இருக்காது. தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

ஏத்தாப்பூர்_கரணை | ஏப்ரல் 26, மதியம் 1:20

இவ்வளவு தூரம் பேசறீங்க, ஒருத்தராவது மரவள்ளின்னு சொல்றீங்களா? பக்கத்துலயே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. விதைக்குக் கடை வாசல்ல நிக்க வேண்டாம், தண்டைக் கரணை கரணையா வெட்டி நட்டா முடிஞ்சுது.

மேட்டாங்காடு | ஏப்ரல் 26, மதியம் 2:02

முடிஞ்சுது தான். மாவுப்பூச்சி வந்த வருஷம் எனக்கும் அப்படித்தான் முடிஞ்சுது. கரணையோடயே தேமல் நோயும் வந்துடுதுங்க. மாவுச்சத்து பாயிண்ட் பாத்து கிழங்குக்கு விலை போடற கதையை ஆரம்பிச்சா இந்த இழை பத்தாது.

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 26, மதியம் 2:30

மரவள்ளி, ஜவ்வரிசிக்குத் தனி இழை ஓடிட்டிருக்கு. அங்க வாங்க.

மலைக்காட்டான் | ஏப்ரல் 29, இரவு 7:55

அண்ணங்களா, நான் ஏற்காட்டுல நாகலூர் பக்கம். ரெண்டு நாளா டவர் இல்ல, இன்னைக்குத் தான் எல்லாம் படிச்சேன்.

விதைக்கு எங்களுக்குக் கடை கெடையாது. சாமை, ராகி, கொஞ்சம் தினை. எங்க பாட்டி காலத்துல இருந்து அதே விதை தான். அறுக்கும்போதே நல்ல கதிர் எதுன்னு பொம்பளைங்க கண்ணு பாத்து வச்சிரும். தனியா கிள்ளி, களத்துல மத்ததோட சேக்காம கையில தேச்சு, வெயில்ல காய வச்சு, சாம்பலும் நொச்சி இலையும் போட்டு மண் பானையில வாய் கட்டிருவோம். ராகி விதை எங்க வீட்டுல ரெண்டு வருஷம் கூட நல்லா முளைச்சிருக்கு. விதை இல்லாத வீட்டுக்கு ஒரு படி குடுத்தா அறுப்புக்கு ஒன்றரைப் படியா வரும். எழுத்து, அட்டை ஒண்ணும் இல்ல.

ஆனா விதை குறையுது, அதான் கவலை. மிளகும் சில்வர் ஓக்கும் வந்த காட்டுல சாமை போட முடியாது. இளவட்டம் எஸ்டேட் வேலைக்கும் சேலத்துக்கும் போயிருது. போட்ட காட்டுல காட்டுமாடு இறங்குது, ராத்திரி பூரா தகரம் தட்டணும். போன வருஷம் எங்க சொந்தத்துல சாமை போட்டவங்க கைவிரல்ல எண்ணிரலாம். ஒரு வருஷம் போடலைன்னா பானையில இருக்கறது கஞ்சிக்குப் போயிரும். அடுத்த வருஷம் விதைக்கு யார் வீட்டுக்குப் போறது?

சூரமங்கலம்72 | ஏப்ரல் 29, இரவு 9:20

வணக்கம். நான் விவசாயி இல்லை, சூரமங்கலத்தில் வசிக்கிறேன். சர்க்கரை வந்த பிறகு சாமை அரிசிக்கு மாறினேன். கடையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறேன். நீங்கள் என்ன விலைக்கு விற்கிறீர்கள் தம்பி?

மலைக்காட்டான் | ஏப்ரல் 30, காலை 6:15

சார், சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். போன கார்த்திகையில ஏவாரி வந்து தோலோட கிலோ 35ன்னு எடுத்தாரு. அதுவும் அவரு கொண்டாந்த தராசு.

தோல் நீக்கறதுல தான் எல்லாமே. சாமை உமி லேசுல போகாது. உரல்ல குத்தினா ஒரு நாளைக்கு ரெண்டு படி, கை போயிரும். எங்க பக்கத்துல மிசினு வந்துச்சு, கரண்டு நிக்காததால மிசினு நின்னுச்சு. கீழ கொண்டு போய் அரைச்சா பஸ்ஸு, சுமை, கூலி. நூறு கிலோவுக்கு அறுபது கிலோ அரிசி தேறினா பெருசு. அதனால தோலோடயே குடுத்துட்டு, ரேஷன் அரிசி வாங்கித் தின்னுட்டு இருக்கோம்.

லீபஜார்_மண்டி | ஏப்ரல் 30, மதியம் 12:10

தம்பி சொல்றதுல ஒரு எழுத்து கூட மிகை இல்ல. 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னு உலகமே கொண்டாடுச்சு. எங்க பஜார்ல சாமை அரிசி கேட்டு வந்த கூட்டம் நெசம். ஆனா அந்த விலை மலை ஏறலை. சுத்தம் பண்ற ஆலைக்காரன்கிட்டயும் பாக்கெட் போடறவன்கிட்டயும் நின்னுடுச்சு. என் பங்கும் அதுல இருக்கு, மறைக்கலை.

ராகிக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. தோல் நீக்கற வேலை இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரியில அரசு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஆதரவு விலை குவிண்டால் 4,290க்கு நேரடியா எடுத்ததுல இருந்து வெளி ஏவாரியும் ரொம்பக் கீழ கேக்க முடியலை. வாங்க ஒருத்தன் நின்னா தான் விலைக்கு மரியாதை.

தலைவாசல்காரன் | மே 4, இரவு 8:30

சாக்கு பிரிச்சாச்சு. ரெண்டு சாக்கு, ரெண்டுலயும் நூறு நூறு. பொண்ணு தான் எண்ணுச்சு. சாக்கைத் தொட விடலைங்க ஐயா, நான் பிளாஸ்டிக் பை மாட்டிக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டக் காட்ட அது தள்ளி நின்னு கோடு போட்டுச்சு.

பிப்ரவரி பை: 94.
ஜூன் 2024 பை: 71. அதுலயும் ஏழெட்டுக் குருத்து சுருண்டு கெடந்துச்சு, அதை எண்ணலை.

போட்டோ எடுத்து, பை, அட்டை, ரசீதோட கடைக்குப் போனேன். "சாக்குல வச்சதெல்லாம் கணக்கு கெடையாதுங்க"ன்னாரு. சரி, அப்ப மீதி விதையைச் சேலத்துல பரிசோதனைக்குக் குடுத்துடறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் உள்ள போன் பேசிட்டு வந்து, பிரிக்காத பைக்கு மாத்தும், பிரிச்ச பைக்குப் பாதிக் காசும் தரேன்னாரு. மாத்து வாங்கினதுல தேதி ஏப்ரல் 2025. புதுச் சரக்கு வர ஆரம்பிச்சிடுச்சு போல.

பழைய_ஏஓ | மே 5, காலை 6:20

சபாஷ். பிரித்த பைக்கு முழுப் பணமும் கேட்டிருக்கலாம். விதைத்த பிறகு தெரிந்திருந்தால் பெரும்பாடு. அப்போதும் வழி உண்டு. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: விதைத்த பிறகும் காலிப் பை, அட்டை, ரசீது, ஒரு பிடி விதை ஆகியவற்றை அறுவடை வரை எடுத்து வையுங்கள். பையைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம்.

கோழிப்பண்ணை_ராசிபுரம் | மே 29, காலை 9:40

நேத்து ஆதரவு விலை அறிவிச்சிருக்காங்க. மக்காச்சோளம் 2,225ல இருந்து 2,400. ராகி 4,886. ஒட்டுச் சோளம் 3,699. மழையும் 24ஆம் தேதியே கேரளாவுல இறங்கிடுச்சு.

மேட்டாங்காடு | மே 29, காலை 10:15

மக்காச்சோளத்துக்கு 2,400ன்னு எழுதியாச்சு, நம்ம ஊர்ல யாரு அந்த விலைக்கு எடுக்கறா? போர்டு இருக்குது, பஸ்ஸு நிக்காது.

கோழிப்பண்ணை_ராசிபுரம் | மே 29, காலை 10:31

நான் எடுக்கறேன் அண்ணா, 14 ஈரத்துல குடுங்க, அன்னைக்கு மார்க்கெட் என்னவோ அது. 2,400ன்னு இப்ப சொல்லிட்டு அப்புறம் போனை எடுக்காம இருக்கறதுக்கு இதே மேல்.

தலைவாசல்காரன் | மே 29, இரவு 9:05

கிணத்துக்காட்டுல மக்காச்சோளம் ஊனியாச்சு, எட்டாம் நாள், வரிசை பிசிறில்லாம வந்திருக்கு. குருத்துல படைப்புழு எட்டிப் பாக்குதான்னு தினம் காலையில ஒரு நடை. மேட்டாங்காட்டுக்கு இந்தத் தடவை மக்காச்சோளம் இல்ல. ஒன்றரை ஏக்கர் சோளம், டிப்போவுல கே 12 சொல்லி வச்சிருக்கேன், தட்டுக்கு மாடு இருக்கு. பக்கத்து மூணு வீட்டோட சேந்து ஈர மீட்டர் ஒண்ணு வாங்கறதா பேச்சு. எங்க வீட்டுக்காரம்மா பேர்ல இருக்கும், அவங்க தான் கையில வச்சிருப்பாங்க.

மிச்சம் அரை ஏக்கர் இருக்கு. மலைக்காட்டான் தம்பி, உங்க ராகி விதை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கெடைக்குமா? ஆடியில நாத்து விட்டு நட்டுக்கறேன். உங்க வீட்டுப் பானையில மட்டும் இருக்கறதுக்கு என் காட்டுலயும் கொஞ்சம் இருக்கட்டும். காசு எவ்வளவு?

பழைய_ஏஓ | மே 30, காலை 6:00

குறுக்கே ஒரு வார்த்தை. 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை உண்டு. பெயர் அச்சிட்ட பையில் போட்டு வணிக முத்திரையோடு மட்டும் விற்கக்கூடாது. பயமில்லாமல் கொடுக்கலாம் தம்பி. மலை ராகி சமவெளி வெயிலில் எப்படி வரும் என்பது வேறு கேள்வி, அரை ஏக்கரும் போடாமல் பாதியில் போட்டுப் பாருங்கள்.

மலைக்காட்டான் | மே 30, இரவு 8:40

காசு வேண்டாம்ணா. அறுத்ததும் ஒரு படிக்கு ஒன்றரைப் படி, அதே கணக்கு தான். அம்மாகிட்ட கேட்டேன், தலைவாசல் எங்க இருக்குதுன்னு கேட்டுச்சு. ரெண்டு படி அளந்து துணியில முடிஞ்சு வச்சிருச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை என் மச்சான் கொட்டச்சேடு வழியா கீழ இறங்கறான். குப்பனூர்ல வாங்கிக்கங்க. சூரமங்கலம் சாருக்கும் குத்தின சாமை அஞ்சு கிலோ குடுத்து விடறேன், கிலோ எழுபது போட்டுக்கங்க சார். முடிச்சு மேல பேரு எழுதியிருக்கேன், மாத்தி எடுத்துராதீங்க. போன தடவை விதை ராகியை ஒரு வீட்டுல களி கிண்டிட்டாங்க.